148 சென்டிமார்கன் மேட்ச், பொதுவான பெயர் ஒன்றுகூட இல்லை: இவர் எந்த வழியில் உறவு?

கிளைதேடி கேட்டது:

வணக்கம். டிஎன்ஏ தளத்தில் வந்த ஒரு மேட்ச் (என்னோடு டிஎன்ஏ பொருந்தும் ஒருவர்) பற்றிக் கேட்க வேண்டும். விவரங்களை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

மொத்தம் 148 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏ துண்டுகளை அளக்கும் அலகு), 6 துண்டுகள், அதில் நீளமானது 39. தளம் ‘செகண்ட் கசின் முதல் தேர்ட் கசின் வரை’ என்று போட்டிருக்கிறது. அவர் என்னைவிடச் சுமார் 30 வயது மூத்தவர். அவருடைய ட்ரீ (குடும்ப மரம்) தாத்தா பாட்டி நால்வரோடு நின்றுவிடுகிறது. என்னுடையதில் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேரும் இருக்கிறார்கள். அதற்கு மேலே இரண்டே பெயர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெயர்கூடப் பொருந்தவில்லை.

கேட்க வந்தது மூன்று:

1. 148 என்ற எண்ணை வைத்து உறவை எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம்?
2. அப்பா இல்லை. அம்மாவும் அத்தையும் (அப்பாவின் அக்கா) பரிசோதனைக்குச் சம்மதிக்கிறார்கள். இப்போதைக்கு ஒரு கிட்தான் வாங்க முடியும். யாருக்கு எடுப்பது?
3. அவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. அடுத்து என்ன செய்வது?

---

அலகு22:

தளம் போடும் உறவுப்பெயரை மறந்துவிடுங்கள், அது ஊகம். பார்க்க வேண்டியது எண். உறவு தெரிந்தவர்கள் கொடுத்த எண்களைத் தொகுத்து பிளெய்ன் பெட்டிங்கர் நடத்தும் ஷேர்ட் சென்டிமார்கன் ப்ராஜெக்ட்டின் 2020 பதிப்பு அட்டவணையில் உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இவை. முதல் எண் சராசரி, அடைப்பில் இருப்பது பதிவான வீச்சு.

இரண்டுவிட்ட சகோதரர்: 229 (41–592)
இரண்டுவிட்ட உறவில் ஒரு தலைமுறை ஏற்றம் அல்லது இறக்கம்: 122 (14–353)
மூன்றுவிட்ட சகோதரர்: 73 (0–234)
ஒன்றுவிட்ட உறவில் இரண்டு தலைமுறை வித்தியாசம்: 221 (33–471)

பாதி உறவுகள், அதாவது ஒரே மூதாதையரின் இரண்டு தாரத்துப் பிள்ளைகள் வழியே வருவன, இதே வீச்சுக்குள் தனியாக வந்து உட்காரும். ஆகவே 148 ஒரு விடை இல்லை; ஏழெட்டு விடைகளின் பட்டியல். ஆனால் அது பலவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. முழு ஒன்றுவிட்ட சகோதரராக இருந்தால் 396-க்குக் குறைந்து பதிவாகவில்லை. எனவே இவர் உங்கள் தாத்தா பாட்டி தம்பதியரின் இன்னொரு பேரன் இல்லை.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்பதை ‘ஒன்றுவிட்ட’ என்று பெயர்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. அவர்களுடைய ‘ரிமூவ்ட்’ மேலே கீழே எண்ணுவது, தலைமுறை வித்தியாசம். நம் ‘விட்ட’ பக்கவாட்டில் எண்ணுவது. ஃபர்ஸ்ட் கசின் நமக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அப்பாவின் ஃபர்ஸ்ட் கசின் ஒன்றுவிட்ட சித்தப்பா. தலைமுறையைச் சித்தப்பா என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. ட்ரீ மென்பொருளில் ஆங்கிலத்தையும் நோட்டில் தமிழையும் கலந்து வைத்தால் ஒரு தலைமுறை தவறிப்போகும். அப்புறம் எந்த எண்ணும் பொருந்தாது.

வயதைப் பார்த்தால் அவர் உங்கள் அப்பா அம்மா தலைமுறை. நான் முதலில் சோதிப்பது ‘இரண்டுவிட்ட பெரியப்பா அல்லது மாமா’ என்ற ஊகத்தைத்தான். அப்படியானால் பொதுத் தம்பதி உங்களுக்கு எள்ளுத்தாத்தா வரிசை, அவருக்குக் கொள்ளுத்தாத்தா வரிசை. எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி பதினாறு பேரில் உங்களிடம் இருப்பது இரண்டு பெயர். அவரிடம் கொள்ளுத்தாத்தா வரிசையே இல்லை. பெயர் பொருந்தினால்தான் ஆச்சரியம்.

வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது. அவருடைய நான்கு தாத்தா பாட்டிகளை வைத்து நீங்களே மேலே ஒரு படி கட்டுங்கள். அது ஊக ட்ரீ. பிறர் தேடலில் வராதபடி தனிப்பட்டதாக வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊகத்தை நாளைக்கு நாலு பேர் உண்மையென்று பிரதியெடுப்பார்கள். உங்கள் பக்கம், கொள்ளுத்தாத்தாக்களின் உடன்பிறந்தார் எல்லோரையும் சேருங்கள். நேர்வழியில் வரும் பெயர்களை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மேட்ச் என்றைக்கும் பொருந்தாது, ஏனென்றால் மேட்ச் வருவதே அந்த உடன்பிறந்தார் வழியாகத்தான். குறிப்பாகத் திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள்.

கிட் அத்தைக்கு. அப்பா இல்லாத நிலையில் தாத்தா பாட்டியின் டிஎன்ஏவில் உங்களுக்கு வராத பகுதிகள் அவரிடம் இருக்கின்றன. ஒரு தலைமுறை மேலே இருப்பதால் தூரத்து மேட்ச்களும் கூடுதலாகக் கிடைக்கும். பொதுவிதி, இருக்கும் கொடிவழியில் மூத்தவர் முதலில்.

---

நேர்கோடு:

அத்தை என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காரணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். எந்தப் பக்கம் என்று பிரிக்க மட்டும் என்றால் அம்மாவின் கிட்தான் சுத்தமான கத்தி. அம்மாவோடு மேட்ச் ஆனால் அம்மா பக்கம். ஆகாவிட்டால் அப்பா பக்கம். உங்கள் மேட்ச் பட்டியல் முழுவதும் ஒரே நாளில் இரண்டாகப் பிரிந்துவிடும். அத்தையின் கிட் அப்படி இல்லை. அத்தையிடம் இல்லாத துண்டு அப்பாவிடம் இருந்திருக்கலாம். உடன்பிறந்தவர்கள் ஒரே பங்கை வாங்குவதில்லை. உங்கள் விஷயத்தில் ஆறு துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அத்தை வாங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தால், ஆறையும் தவறவிட்டிருக்க 64-இல் 1. அதனால் இந்த ஒரு மேட்ச்சுக்கு அத்தை தாராளமாகப் போதும். 12 சென்டிமார்கனில் ஒற்றைத் துண்டோடு வரும் மேட்ச்சுக்குப் போதாது. இரண்டாவது கிட் வாங்கும்போது அம்மாவுக்கு எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மொத்த எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது. 148 ஆறு துண்டில் வருவதும் பதினைந்து துண்டில் வருவதும் ஒன்றல்ல. ஆறு துண்டு, நீளமானது 39 என்றால் அண்மைக் காலத்து ஒரே தம்பதியிலிருந்து வந்த தோற்றம். பதினைந்து துண்டு, நீளமானது 14 என்றிருந்தால், உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடந்த குடும்பங்களில், பல பழைய மூதாதையரிடமிருந்து சில்லறை சில்லறையாகச் சேர்ந்த கூட்டுத்தொகையாக இருக்கும். அங்கே அட்டவணை உறவை ஒன்றிரண்டு படி நெருக்கமாகக் காட்டிவிடும். அதுபோன்ற குடும்பங்களில் மொத்தத்தைவிட நீளமான துண்டு நம்பகமானது. அப்பா அம்மா இருவரும் உறவுக்காரர்களா என்று சந்தேகம் இருந்தால், ஜெட்மேட்ச் தளத்தில் உங்கள் கச்சாத் தரவை ஏற்றி அதற்கென்றே இருக்கும் கருவியை ஓட்டுங்கள். ஒரே நிறப்புரியின் (குரோமோசோம்) இரண்டு பிரதிகளும் நீளமாக ஒன்றுபோல் இருக்கும் இடங்களைக் காட்டும். இருந்தால் அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள்.

7 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவற்றில் பெரும்பகுதி அப்பா வழி டிஎன்ஏ எழுத்தும் அம்மா வழி எழுத்தும் மாறி மாறிச் சேர்ந்து தற்செயலாகப் பொருந்துபவை. சில தளங்கள் அவற்றையும் கூட்டிக் காட்டும். ஆகவே இரண்டு தளங்களின் மொத்தத்தை ஒப்பிடும்முன் இரண்டிலும் கீழ்வரம்பு என்ன என்று பாருங்கள். ஆன்செஸ்ட்ரி தளம் 8-க்குக் கீழே காட்டுவதில்லை. 90-க்குக் குறைந்த மேட்ச்களில் கொஞ்சம் கழித்தும் காட்டுகிறது. அதே ஆள் வேறு தளத்தில் கூடுதலாகத் தெரிந்தால் அதிர்ச்சி வேண்டாம்.

குரோமோசோம் பிரவுசர் (எந்த நிறப்புரியில் எந்த இடம் பொருந்துகிறது என்று காட்டும் கருவி) உள்ள தளத்தில் பார்க்கிறவர்கள் அதிகம் செய்யும் தப்பு: “நானும் இவரும் 9-ஆம் நிறப்புரியில் இந்த இடத்தில் பொருந்துகிறோம், நானும் இன்னொருவரும் அதே இடத்தில் பொருந்துகிறோம், ஆகவே மூவரும் ஒரே கிளை.” இல்லை. 9-ஆம் நிறப்புரி உங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒருவர் அப்பா வழிப் பிரதியிலும் மற்றவர் அம்மா வழிப் பிரதியிலும் பொருந்தியிருக்கலாம். அந்த இருவரும் தங்களுக்குள் அதே இடத்தில் பொருந்துகிறார்களா என்று பார்த்தால்தான் மூவரும் ஒரே கிளை என்ற முக்கோணம் முடியும்.

---

பழைய_பதிவேடு:

எண்களை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். ஆவணப் பக்கம் சில.

உங்கள் ட்ரீயில் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றீர்கள். எட்டுப் பெயரும் எங்கிருந்து வந்தன? அதைப் பிரித்துவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தகவலைச் சொன்னது யார், சம்பவம் நடந்தபோது அவர் அங்கே இருந்தாரா, எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார் என்று மூன்று குறிப்பு. இறப்புப் பதிவில் இறந்த தேதி வலுவானது. அதே தாளில் இருக்கும் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னவை. ஒரே தாள், இரண்டு தரம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வயது 30, 35, 40 என்று குவிந்துகிடக்கும்; தெரியாதவர்கள் உருட்டித்தான் சொல்வார்கள். 40 என்று கண்டால் 36 முதல் 44 வரை தேடுங்கள்.

எண்ணிடும் முறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 1. ஒருவருடைய எண்ணை இரட்டித்தால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பா 2, அம்மா 3, அப்பாவின் அம்மா 5, அவருடைய அப்பா 10. கொள்ளுத்தாத்தா வரிசை 8 முதல் 15 வரை, எள்ளுத்தாத்தா வரிசை 16 முதல் 31 வரை. கோப்பு, படம், கடிதம் எல்லாவற்றுக்கும் இந்த எண்ணையே பெயரின் முன்னால் போட்டால், எந்த இடம் காலி என்று ஒரு பார்வையில் தெரியும். ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருக்கும் குடும்பங்களில் இது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ஒருவரைப் பற்றி நேரடிப் பதிவு கிடைக்கவில்லை என்றால் அவருடைய சகோதரிகளின் திருமணப் பதிவு, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூடப் பயணம் செய்தவர்கள் என்று சுற்றி வாருங்கள். தேடிக் கிடைக்காததையும் எழுதி வையுங்கள்: எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பெயரை எந்தெந்த எழுத்துக்கூட்டில் தேடினீர்கள். எழுதாவிட்டால் அதே பதிவேட்டை மூன்று வருடம் கழித்து மறுபடி புரட்டுவீர்கள்.

பிறர் ட்ரீயிலிருந்து ஒரு பெயரை எடுக்கும்முன் கணக்குப் பாருங்கள். பிள்ளை பிறந்தபோது தாய்க்கு 11 வயதா, 58 வயதா? அப்பா இறந்து 9 மாதத்துக்கு மேல் கழித்துப் பிள்ளையா? இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே 5 மாதமா? நாற்பது ட்ரீயில் ஒரே தகவல் இருப்பது நாற்பது சாட்சி ஆகாது. முதலில் போட்டவர் ஒருவர், மற்ற முப்பத்தொன்பதும் பொத்தானை அழுத்தியவர்கள். ஃபேமிலிசர்ச் போன்ற பொது ட்ரீயில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் உங்கள் மூலப் பிரதியை ஜெட்காம் (ட்ரீ மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம்) கோப்பாக உங்கள் கணினியிலேயே வைத்திருங்கள்.

பதில் வராத கடிதத்துக்கு: நீளம்தான் காரணமாக இருக்கும். பலர் இனக்கலவை விழுக்காட்டைப் பார்க்க மட்டும் பரிசோதித்துவிட்டுப் போனவர்கள். அவர் கடைசியாக எப்போது தளத்துக்குள் வந்தார் என்று பாருங்கள். கணக்கை நிர்வகிப்பவர் மகளோ மருமகனோ என்றால் அவருக்கு எழுதுங்கள். இப்படி:

“வணக்கம். இந்தத் தளத்தில் இன்ன பெயரில் இருக்கும் பரிசோதனையோடு எனக்கு 148 சென்டிமார்கன் பொருந்துகிறது. இரண்டுவிட்ட உறவாக இருக்கலாம் என நினைக்கிறேன். உங்கள் அப்பாவின் தாயார் பிறந்த ஊரும் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் தெரிந்தால் சொல்ல முடியுமா? என்னிடம் உள்ள விவரங்களைப் பகிர்வதில் மகிழ்ச்சி.”

ஒரே கேள்வி, அதுவும் உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்லக்கூடியது. முதல் கடிதத்திலேயே ட்ரீ அனுமதி, கச்சாத் தரவு, தொலைபேசி எண் எதுவும் கேட்காதீர்கள். நான்கு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்தம்.

---

கிளைதேடி:

எல்லோருக்கும் நன்றி. அத்தையின் முடிவு வந்துவிட்டது. அந்த மேட்ச்சோடு அத்தைக்கு 310 சென்டிமார்கன், 11 துண்டுகள், நீளமானது 62. ஆக அப்பா பக்கம் என்பது உறுதி. அத்தைக்கும் அவருக்கும் பொதுவான மேட்ச் ஒன்பது பேர். அதில் ட்ரீ போட்டிருக்கும் மூவரும் என் 10, 11 எண்களின் கிளை, அதாவது அப்பாவின் அம்மாவுடைய பெற்றோர் வழி. அத்தையின் 310-ஐ அட்டவணையில் பார்த்தால் இரண்டுவிட்ட சகோதரர், பாதி ஒன்றுவிட்ட சகோதரர் இரண்டுமே பொருந்துகின்றன. எப்படிப் பிரிப்பது?

---

அலகு22:

நல்ல கேள்வி. மூவரும் 10-ஐச் சேர்ந்தவர்களா, 11-ஐச் சேர்ந்தவர்களா என்று முதலில் தனித்தனியாகப் பிரியுங்கள். அத்தைக்கு 10-உம் 11-உம் தாத்தா பாட்டி. மூவரும் 10-இன் கிளை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் முன் இருப்பவை இரண்டு ஊகங்கள்.

அ. மேட்ச் ஆனவர் 10-இன் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒருவரின் பேரன். பொதுத் தம்பதி 20, 21. அத்தையோடு இரண்டுவிட்ட உறவு. சராசரி 229.

ஆ. அவர் 10-இன் இன்னொரு தாரத்துப் பேரன். அத்தையோடு பாதி ஒன்றுவிட்ட உறவு. சராசரி 449, வீச்சு 156–979.

பொது மேட்ச் பட்டியல் இந்த இரண்டையும் பிரிக்காது, கவனியுங்கள். இரண்டு ஊகத்திலும் அவருக்கு 20, 21 இருவரின் உறவினரும் மேட்ச் ஆவார்கள். பட்டியலை நீட்டிப் பார்த்து நேரம் போக்காதீர்கள்.

பிரிப்பது 10-இன் மற்ற பேரப்பிள்ளைகள். அத்தையின் ஒன்றுவிட்ட சகோதரர்களில் இருவர் மூவர் பரிசோதித்தால், ஒவ்வொருவரும் அந்த மேட்ச்சோடு எவ்வளவு பொருந்துகிறார்கள் என்று பாருங்கள். ஒருவருடைய 310 இரண்டு பக்கமும் சாயும். நால்வருக்கு 310, 420, 505, 380 என்று வந்தால் இரண்டுவிட்ட ஊகம் கிட்டத்தட்ட விழுந்துவிடும். 310, 190, 140, 260 என்று வந்தால் பாதி உறவு விழும். டிஎன்ஏ பெயிண்டர் தளத்தில் இருக்கும் ‘வாட் ஆர் த ஆட்ஸ்’ கருவி இதற்குத்தான்: கிளைகளை வரைந்து, எண்களைப் போட்டு, மேட்ச் ஆனவரைச் சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஊகமாக வைத்தால், எது எத்தனை மடங்கு அதிகச் சாத்தியம் என்று தரும். ஒரே வீட்டில் அப்பா, மகன், மகள் மூவர் எண்ணையும் போடாதீர்கள். மகனிடமும் மகளிடமும் இருப்பது அப்பாவிடமிருந்து போனதுதான், புதிய சாட்சி இல்லை. மூத்தவருடையது மட்டும்.

எக்ஸ் நிறப்புரியையும் பாருங்கள். நீங்கள் ஆண் என்றால் உங்களுடையதைப் பார்த்துப் பயனில்லை; உங்கள் எக்ஸ் முழுதும் அம்மாவிடமிருந்து வந்தது, அப்பா வழி மேட்ச் அதில் வரவே முடியாது. அத்தையுடையதில் வரலாம். பெரிய எக்ஸ் துண்டு இருந்தால், இருவருக்கும் நடுவே உள்ள வழியில் எங்கேயும் அப்பா–மகன் படி இல்லை என்று பொருள், பல கிளைகள் ஒரே அடியில் வெட்டுப்படும். எக்ஸ் துண்டு இல்லாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. 15 சென்டிமார்கனுக்குக் குறைந்த எக்ஸ் துண்டை நான் பொருட்படுத்துவதில்லை.

---

நேர்கோடு:

நிறம் பிரிக்கும் முறையையும் அத்தையின் பட்டியலில் ஓட்டிவிடுங்கள். டேனா லீட்ஸ் 2018-இல் கொடுத்தது: 400-க்கும் 90-க்கும் இடைப்பட்ட மேட்ச்களை விரிதாளில் வரிசையாக எழுதி, முதலாமவருக்கு ஒரு நிறம், அவரோடு பொதுவாக வருபவர்கள் எல்லோருக்கும் அதே நிறம், நிறம் விழாத அடுத்தவருக்குப் புது நிறம். ஒழுங்காகப் பிரிந்தால் நான்கு நிறம், நான்கு தாத்தா பாட்டிகள். ஒருவர் மேலேயே மூன்று நிறம் விழுந்தால் அவர் நெருங்கிய உறவு, அவரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எல்லோர் மேலும் எல்லா நிறமும் விழுந்தால் குடும்பங்கள் பின்னிக்கிடக்கின்றன. முறை அங்கே வேலை செய்யாது, விட்டுவிடலாம்.

ஆ ஊகம் உண்மையாக வந்தால் அதை மேட்ச் ஆனவரிடம் எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசியுங்கள். அவருடைய ட்ரீயில் இருக்கும் ஒரு தாத்தா அவருடைய தாத்தா இல்லை என்று ஆகலாம். எழுத்தில் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். எண்ணைக் கொடுங்கள், அவர் கேட்டால் விளக்குங்கள். அத்தையிடமும் கேட்காமல் அவருடைய எண்களைப் பகிர வேண்டாம். கிட் வாங்கியது நீங்கள் என்றாலும் தரவு அவருடையது.

---

கிளைதேடி:

கடைசியாக ஒன்று. 10-இன் தம்பி வழியில் ஒரு கொள்ளுப்பேரன் வேறு தளத்திலிருந்து தரவை ஏற்றியிருக்கிறார். காகிதப்படி எனக்கு மூன்றுவிட்ட சகோதரர். என்னோடு மேட்ச்சே இல்லை. அத்தையோடு 58. எங்கேயாவது தவறா?

---

அலகு22:

இல்லை. மூன்றுவிட்டவர்களில் பத்தில் ஒருவரோடு கண்டுபிடிக்கக்கூடிய பங்கு எதுவும் இருக்காது, நான்குவிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரோடு இருக்காது. உங்கள் 0 சாதாரணம். இரண்டுவிட்டவரோடு 0 வந்தால்தான் காகிதத்தைத் திறக்க வேண்டும். அத்தையின் 58 உங்கள் கிளையை ஆதரிக்கிறது. வாட் ஆர் த ஆட்ஸில் அந்த மேட்ச்சோடு அத்தைக்கு வந்த எண்ணைப் போடுங்கள், உங்களுடையதை விட்டுவிடுங்கள்.